மழையும் மணியோசையும்
ஒரு முதுகுழுவின் மீள்வருகை

இளமையிற் பெற்ற புகழை முதுமையில் மீண்டும் தேடி வரும் கலைஞனை உலகம் ஐயத்தோடுதான் நோக்கும். முன்னொரு காலத்தில் இளவரசன் வேடம் புனைந்து மக்களை மயக்கிய நடிகன், தலை நரைத்தபின் அதே வேடத்தோடு மேடையேறினால் இரங்குவார் சிலர், நகுவார் சிலர், பழைய நினைவினாற் கைதட்டுவார் சிலர். அவன் இன்று என்ன செய்கின்றான் என்று கூர்ந்து நோக்குவார் மிகச் சிலரே.

மேலைநாட்டு இசையுலகில் இத்தகைய மீள்வருகைகள் இக்காலத்தில் மலிந்துவிட்டன. பிரிந்த குழுக்கள் கூடுகின்றன. பழைய பாட்டுக்கள் மீண்டும் பாடப்படுகின்றன. புதிய இசைத்தட்டு ஒன்று வெளிவந்து சில திங்களில் மறக்கப்படுகின்றது. இவற்றுள் மறக்கப்படாது நிற்கத்தக்கது எது, எக்காரணத்தால் நிற்கின்றது என ஆராய்தல் பயனுடைத்து. அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிற் பிறந்த ‘பிளாக் சபத்’ என்னும் குழு 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட ‘தேர்ட்டீன்’, அஃதாவது ‘பதின்மூன்று’ என்னும் இசைத்தட்டாகும். அக்குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் 2025ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் தமது 76ஆவது வயதிற் காலமானார். அந்நால்வரின் கதை அத்துடன் நிறைவெய்திற்று. இனி அவ்விசைத்தட்டை வரவேற்புரைகளின் ஆரவாரமின்றி எடைபோடலாம்.

‘ஹெவி மெற்றல்’ எனப்படும் இவ்விசை நம்முள் முதியோர் பலர்க்கு வெறும் இரைச்சலாகத் தோன்றலாம். மாணாக்கர் விரும்புவதை ஆசிரியர் வெறுப்பதும், ஆசிரியர் வெறுப்பதனாலேயே மாணாக்கர் அதனை மேலும் விரும்புவதும் எந்நாட்டிலும் உள்ள வழக்கம். விருப்பு வெறுப்புக்களை ஒருபுறம் வைத்து, அவ்விசை எந்த நிலத்தில், எத்தகைய வாழ்க்கையில் முளைத்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

ஆலைநகரின் ஓசை

பேர்மிங்காம் உலோகத் தொழிலாற் பெயர் பெற்ற நகரம். இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சுக்கு இலக்காகிய அந்நகரின் அஸ்ரன் என்னும் பகுதியில், இடிபாடுகள் இன்னும் அகற்றப்படாத தெருக்களில், தொழிலாளர் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இந்நால்வர்: கிற்றார் வாசித்த ரொனி அயோமி, பாடகர் ஒஸி ஒஸ்போர்ன், பேஸ் கிற்றார் வாசித்ததோடு பாட்டுக்களிற் பெரும்பாலானவற்றை இயற்றிய கீஸர் பட்லர், ட்றம் வாசித்த பில் வார்ட். நால்வரும் 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளிற் பிறந்தோர். ஒஸி இறைச்சிக் கொட்டிலில் வேலை செய்தவர். இளமையிற் களவுக் குற்றத்திற்காகச் சில வாரங்கள் சிறையிருந்தவர். இத்தகையோர் 1968ஆம் ஆண்டில் ஒன்றுகூடி இசைக்குழு அமைத்தனர்.

அயோமியின் வரலாறு தனித்து எண்ணத்தக்கது. தகட்டு உலோக ஆலையொன்றில் வேலை பார்த்த அவர், 17 வயதில், வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளில், வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் இயந்திரத்துக்குப் பலி கொடுத்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் தந்திகளை அழுத்தவேண்டிய கையே சிதைந்தது. இனி வாசித்தல் இயலாது என்று மனமுடைந்திருந்த இளைஞனுக்கு, ஆலையின் மேலாளர் ஒருவர் ஜாங்கோ றைன்ஹார்ட் என்னும் கலைஞரின் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் செய்தார். தீ விபத்தில் இடக்கை சிதைந்தபின் பெரும்பாலும் இரு விரல்களைக் கொண்டே வாசித்து உலகப் புகழ் பெற்றவர் அவர். இதனால் ஊக்கம் பெற்ற அயோமி, பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரற்கூடு செய்து, அதன்மேற் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கலானார். 1971ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில் தந்திகளை மேலும் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். விரலின் நோவைக் குறைத்த அந்தத் தளர்வு ஓசைக்குப் புதியதொரு கனத்தைத் தந்தது. பின்வந்த எத்தனையோ குழுக்கள் அந்தக் கனத்தையே இவ்விசையின் இலக்கணமாகக் கொண்டன. ஊனத்திற்குத் தேடிய மருந்து ஒரு கலைவகைக்கு உயிராயிற்று.

குழுவின் பெயருக்கும் ஒரு காரணமுண்டு. மரியோ பாவா என்னும் இத்தாலிய இயக்குநரின் 1963ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் ஆங்கிலப் பெயரே அது. அஞ்சுவதற்காக மக்கள் பணங்கொடுத்துக் காத்து நிற்கின்றனரே, அவ்வச்சத்தை இசையில் அமைத்தால் என்ன என்னும் எண்ணம் அவ்விளைஞருக்குத் தோன்றியது. முதல் இசைத்தட்டு ஒரே நாளிற் பதிவு செய்யப்பட்டு, 1970ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. பதின்மூன்றாம் நாள் வெள்ளியில் வருவதை மேலைநாட்டார் தீய சகுனமாகக் கருதுவர். தட்டு சுழலத் தொடங்கியதும் மழை பொழிகின்றது, இடி முழங்குகின்றது, தொலைவில் ஒரு தேவாலய மணி ஒலிக்கின்றது. அதன்பின்னரே கிற்றார் எழுகின்றது.

அக்கிற்றார் எழுப்பும் சுரங்கள் மூன்றே. நமது வழக்கிற் கூறின், கீழ்ச் சட்சம், மேற் சட்சம், அடுத்து இரண்டிற்கும் நட்டநடுவே நிற்கும் பிரதி மத்திமம். சட்சத்தோடு பிரதி மத்திமம் கொள்ளும் இவ்வுறவை ஐரோப்பிய இசைநூலார் ‘இசையிலுள்ள பிசாசு’ என்று முன்னாளிற் பெயரிட்டு விலக்கி வைத்தனர். நம்மிடத்திலோ எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுட் பின்னைய முப்பத்தாறும் அச்சுரத்தைக் கொண்டவையே. மங்கலமும் கம்பீரமும் வாய்ந்த கல்யாணி இராகத்தின் உயிர்ச்சுரமும் அதுவே. எனவே அச்சம் சுரத்தில் இல்லை, அதனை வைக்கும் இடத்திலும் வைக்கும் முறையிலும் உள்ளது என்பது தெளிவு. மெல்ல, மிக மெல்ல, ஒவ்வொரு சுரத்துக்குமிடையே மௌனம் விட்டு வைத்தமையால் அவ்விளைஞர்க்கு அது கைகூடிற்று.

மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகிய அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன் கூறுவார் தொல்காப்பியர். இவற்றுள் முதலதும் இறுதியதும் இக்குழுவின் தொடக்ககாலப் பாட்டுக்களை ஆள்கின்றன. முதற்பாட்டில் அணங்கு போன்ற கரிய உருவமொன்று எதிரே நிற்கின்றது. அதே 1970ஆம் ஆண்டின் இரண்டாம் இசைத்தட்டாகிய ‘பரனோய்ட்’டில் இடம்பெற்ற ‘வார் பிக்ஸ்’ என்னும் பாட்டிலோ, தாம் பின்னே ஒதுங்கி நின்று ஏழையரைப் போர்க்களத்துக்கு அனுப்பும் ஆட்சியாளர் அச்சத்துக்குரியர் ஆகின்றனர். வியட்நாம் போர் நடந்த காலம் அது. இப்பாட்டுக்களைப் பேய்க்கூத்து என்று ஒதுக்கியோர் இவ்விரண்டாவது அச்சத்தைக் காணத் தவறினர்.

பிரிவு

புகழும் பணமும் வந்தன. அவற்றோடு மதுவும் போதைப் பொருளும் வந்தன. 1978ஆம் ஆண்டில் எட்டாம் இசைத்தட்டை வெளியிட்ட பின், 1979ஆம் ஆண்டில் ஒஸி குழுவினின்றும் நீக்கப்பட்டார். அச்செய்தியை அவரிடம் சென்று சொல்லும் பொறுப்பு, அவர்க்கு நெருங்கிய தோழராகிய பில் வார்ட்டின் தலையில் விழுந்தது. பின்னர் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஒஸி தனித்துப் பாடிப் பெரும்புகழ் எய்தினார். றொனி ஜேம்ஸ் டியோ முதலாய பாடகர் பலரைக் கொண்டு அயோமி குழுவின் பெயரைக் காத்து வந்தார். டியோவோடு 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹெவன் அன்ட் ஹெல்’ சிறந்த படைப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது வேறொரு குரல், வேறொரு நடை. 1997ஆம் ஆண்டில் நால்வரும் பேர்மிங்காமில் மீண்டும் மேடையேறினர். 2001ஆம் ஆண்டில் புதிய இசைத்தட்டொன்றுக்கு முயன்று அது கைகூடாமற் போயிற்று. டியோ 2010ஆம் ஆண்டிற் காலமானார்.

மீட்சி

2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நால்வரும் ஒன்றாகத் தோன்றி, றிக் றூபின் என்னும் தயாரிப்பாளரின் துணையோடு புதிய இசைத்தட்டு வெளியிடப் போவதாக அறிவித்தனர். உலகெங்குமுள்ள அன்பர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி இரண்டு திங்களும் நீடிக்கவில்லை. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் கண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. பெப்ரவரியில் வார்ட், தமக்குத் தரப்பட்ட ஒப்பந்தம் தாம் கையொப்பமிடத் தக்கதன்று எனப் பொதுவில் அறிக்கை விட்டார். மற்றை மூவரும் அவரின்றியே தொடர்ந்தனர். ‘றேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்’ என்னும் அமெரிக்கக் குழுவைச் சேர்ந்த பிறாட் வில்க் என்பார் இசைத்தட்டுக்கு ட்றம் வாசித்தார்.

பதிவு பெரும்பாலும் கலிபோர்ணியாவின் மலிபு என்னும் கடற்கரை ஊரில் நடந்தது. அயோமி இடையிடையே இங்கிலாந்து சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பினார். றூபின் அவர்களிடம் வேண்டியது ஒன்றே: இடையிற் கழிந்த ஆண்டுகளையும் அவற்றிற் கற்ற பழக்கங்களையும் மறந்து, முதல் இசைத்தட்டின் மனநிலைக்குத் திரும்புதல். கேட்பதற்கு எளிய அறிவுரை. ஆயினும் இடர் நிறைந்தது. அறுபதைக் கடந்தோர் இருபது வயதின் மனநிலைக்கு எவ்வாறு திரும்புவர்? திரும்பியதாக நடித்தால் அது முன்னே கூறிய நரைத்த இளவரசனின் வேடமாகவே முடியும்.

இசைத்தட்டின் இயல்பு

‘பதின்மூன்று’ எட்டுப் பாட்டுக்களைக் கொண்டது. முதலிரு பாட்டுக்களும் ஒவ்வொன்றும் எட்டு நிமிடத்துக்கு மேல் நீள்வன. ‘தொடக்கத்தின் முடிவு’ எனப் பொருள்படும் முதற்பாட்டு, 1970ஆம் ஆண்டின் முதற்பாட்டைப் போலவே மெல்ல ஊர்ந்து, மௌனம் விட்டு, பின்னர் விரைவு கொள்கின்றது. ஓவியன் ஒருவன் இளமையில் வரைந்த அதே மரத்தை முதுமையிலும் வரைந்தாற்போல்வது இது. மரம் ஒன்றே, வரையும் கை வேறு. ஒஸியின் குரல் முன்போல் உயரச் செல்லவில்லை. தாழ்ந்த இடத்திலேயே உலவுகின்றது. அத்தாழ்வு இவ்விசைக்குப் பொருந்துகின்றது.

இரண்டாம் பாட்டின் பெயர் ‘கடவுள் இறந்துவிட்டாரா?’ என்பது. நீட்சே என்னும் செர்மானிய மெய்யியலாரின் புகழ்பெற்ற கூற்றைத் தழுவியது இப்பெயர். பெயரைக் கேட்ட மாத்திரத்தே கொதித்தெழுந்தோர் இறுதியிலுள்ள வினாக்குறியைக் கவனித்தாரல்லர். பாட்டிலே பேசுவோன் குருதியும் இருளும் நிறைந்த உலகைக் கண்டு ஐயுறுகின்றான். பலர் கூறுவதைக் கேட்கின்றான். முடிவில் அக்கூற்றை நம்ப மறுக்கின்றான். கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்த பட்லரின் உள்ளப் போராட்டம் இதிற் புலனாகின்றது. பேயை அழைத்தவர்கள் என்று நாற்பதாண்டுக்கு மேலாகப் பழிக்கப்பட்டோர் தம் முதுமையில் எழுப்பிய வினா இது. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் இப்பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது.

‘லிவ் ஃபொறெவர்’ என்னும் பாட்டு, என்றும் நிலைத்திருத்தலையும் வேண்டாது, இறப்பையும் வேண்டாது நடுவே தடுமாறும் மனத்தைக் காட்டுகின்றது. 1970ஆம் ஆண்டில் இவர்கள் மரணத்தைப் பாடியபோது அது ஒரு வேடம். நன்றாகப் புனையப்பட்ட வேடம். 2013ஆம் ஆண்டில் இப்பாட்டுக்குக் கிற்றார் வாசித்தவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர். முன்பு திரைப்படம் பார்க்கக் காத்து நின்றோரிடமிருந்து கடன் வாங்கிய அச்சம் இப்போது சொந்த வீட்டுக்கு வந்துவிட்டது. இவ்விசைத்தட்டின் வலிமை முழுவதும் இவ்விடத்திலேயே உள்ளது. பழைய ஓசை மீண்டும் வந்தது. அதன் பொருள் மாறி வந்தது.

இறுதிப் பாட்டாகிய ‘டியர் ஃபாதர்’, சிறுவயதிற் குருவானவர் ஒருவராற் கெடுக்கப்பட்டவன் வளர்ந்து அவரை எதிர்கொள்வதைப் பொருளாகக் கொண்டது. அணங்கை விட்டு, நம்பத்தக்கோர் என்று நாம் பிள்ளைகளை ஒப்படைக்கும் மனிதரிடத்தில் அச்சத்தைக் காணும் பாட்டு இது. ‘வார் பிக்ஸ்’ பாட்டின் மரபில் வந்தது எனலாம். அது முடிந்ததும் கிற்றார் ஓய்கின்றது. மழை பொழிகின்றது, இடி முழங்குகின்றது, தேவாலய மணி ஒலிக்கின்றது. 43 ஆண்டுகளுக்கு முன் முதல் இசைத்தட்டு எவ்வோசையோடு தொடங்கிற்றோ அவ்வோசையோடு இறுதி இசைத்தட்டு அடங்குகின்றது. நம் புலவர் அந்தாதி என்னும் யாப்பில் முடிவை முதலோடு மண்டலிக்கச் செய்வர். அம்முறையை அறியாத இவர்களும் தம் வாழ்நாட் படைப்பு முழுவதையும் அவ்வாறே மண்டலித்து முடித்தனர்.

தடையும் விடையும்

இனி இவ்விசைத்தட்டின்மேற் கூறப்படும் தடைகளை நோக்குவோம்.

இது தன்னைத் தானே போலி செய்கின்றது என்பது முதற் தடை. இதில் உண்மை இல்லாமலில்லை. ‘சைற்கைஸ்ற்’ என்னும் மென்பாட்டு, ‘பரனோய்ட்’ தட்டிலுள்ள ‘பிளனற் கரவன்’ என்னும் பாட்டின் நிழலாகவே உள்ளது. பழைய தட்டில் ஒரு மென்பாட்டு இருந்தமையால் இதிலும் ஒன்று வேண்டும் என்று வைத்தாற்போலத் தோன்றுகின்றது. புதிய பொருளின்றிப் பழைய வடிவம் மட்டும் வருமிடத்து இசைத்தட்டு தளர்கின்றது. ஆயின் முன்னர்க் காட்டிய பாட்டுக்களில் வடிவம் பழையதாயினும் பொருள் புதியது. பழைய யாப்பிற் பாடுவோரெல்லாம் போலிப்புலவர் ஆகார். யாப்பிற்குள் வைப்பதற்குத் தம்முடையதென ஒன்றில்லாதாரே போலிப்புலவர்.

இது வாணிகம் என்பது இரண்டாம் தடை. வாணிகமே, யார் மறுத்தார்? அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 155,000 பிரதிகள் விற்று, அந்நாட்டின் விற்பனைப் பட்டியலில் அக்குழு முதன்முறையாக முதலிடம் பெற்றது. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டின் ‘பரனோய்ட்’டுக்குப் பின் மீண்டும் முதலிடம் அடைந்தது. பரிசிலை நாடிப் பாடிய புலவரின் பாட்டுக்களை நாம் இன்றும் போற்றுகின்றோம். பொருள் பெற்றமை ஒரு படைப்பைத் தாழ்த்துவதும் இல்லை; உயர்த்துவதும் இல்லை.

மூன்றாம் தடை வார்ட் பற்றியது. இதற்கு எளிய விடை இல்லை. பிறாட் வில்க் குறையற வாசிக்கின்றார். தாளம் எங்கும் பிசகவில்லை. ஆனால் வார்ட் ஜாஸ் இசையைக் கேட்டு வளர்ந்தவர். கனத்த ஓசையின் அடியிலே ஓர் ஊசலாட்டத்தை வைத்தவர். தாளத்தின்மேற் சற்றே பிந்தியும் முந்தியும் விழும் அவ்வடிகளே பழைய பாட்டுக்களுக்கு மூச்சுத் தந்தன. அம்மூச்சு இவ்விசைத்தட்டில் இல்லை. நால்வர் கூடிச் செய்த கலையில் ஒருவரை எடுத்துவிட்டு அவ்விடத்தை நிரப்பலாம் என்று எண்ணுவோர் இதனைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும்.

குறை செவிக்கு மட்டும் உரியதன்று. வார்ட்டின் உடல்நிலை நெடும்பயணங்களுக்குத் தாங்காது என்று ஒஸி பின்னர்க் கூறினார். அது மெய்யாகவும் இருக்கலாம். எனினும் நோயுற்ற அயோமிக்காக வேலைநாட்கள் மாற்றப்பட்டன, பயணங்கள் திருத்தப்பட்டன, எல்லோரும் காத்திருந்தனர். அது செய்யத் தக்கதே. ஒருவர்க்குக் காட்டிய அப்பொறுமையில் ஒரு பங்கு மற்றவர்க்கும் கிடைத்திருக்கலாகாதா என்று கேட்பது தகும். 1979ஆம் ஆண்டில் நீக்கச்செய்தியைச் சுமந்து சென்றவர், 2012ஆம் ஆண்டில் தாமே வெளியே நின்றார். கலை சிறந்து விளங்கியமையால் நட்பிற்கு நேர்ந்த குறை நீங்கிவிடாது. நட்பு குறைப்பட்டமையால் அக்கலை பொய்யாகிவிடவும் மாட்டாது. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளுதல் நேர்மையான திறனாய்வாளன் கடமை.

நிறைவு

2017ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் பேர்மிங்காமில் அக்குழு தன் இறுதிச் சுற்றுப்பயணத்தை முடித்தது. அப்போதும் வார்ட் இல்லை. கதை அவ்வாறே முடிந்திருந்தால் நம் மனத்தில் ஒரு நெருடல் என்றும் நின்றிருக்கும். எட்டாண்டுகள் கழிந்தன. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பேர்மிங்காம் மாநகரம் நால்வர்க்கும் நகர உரிமை என்னும் உயர் மதிப்பை அளித்தது. ஜூலை 5ஆம் நாள், தாம் பிறந்து வளர்ந்த அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கில் நால்வரும் ஒருங்கே தோன்றினர். 2005ஆம் ஆண்டுக்குப் பின் நால்வரும் சேர்ந்து வாசித்தது அன்றுதான். ட்றம்மின் பின்னே வார்ட் அமர்ந்திருந்தார். பார்க்கின்சன் நோயினால் நடை தளர்ந்த ஒஸி கரிய அரியணையொன்றில் அமர்ந்தபடியே பாடினார். நான்கே பாட்டுக்கள், அவற்றுள் முதலாவது ‘வார் பிக்ஸ்’. வருவாய் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் சிறார் மருத்துவப் பணிகளுக்கும் என ஒதுக்கப்பட்டது. பதினேழாம் நாள் ஒஸி மறைந்தார். ஜூலை 30ஆம் நாள் அவரது இறுதி ஊர்வலம், அக்குழுவின் பெயரையே தாங்கிய பாலத்தருகே நின்று சென்றது. தெருவின் இருமருங்கும் மக்கள் நிறைந்திருந்தனர்.

இந்நிகழ்ச்சிகளின் ஒளியில் ‘பதின்மூன்று’ இசைத்தட்டை மீண்டும் கேட்கும்போது அதன் நிறையும் குறையும் தெளிவாகின்றன. ஒரு மீள்வருகையை அளத்தற்கு இரண்டு அளவுகோல்கள் உள என்பதை இக்குழுவின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது. பழைய வடிவத்துக்குள் இன்றைய வாழ்வு புகுந்துள்ளதா என்பது ஒன்று. திரும்பி வருவோர் தம்மோடு முன்பு புறப்பட்டோரையும் உடன் அழைத்து வருகின்றனரா என்பது மற்றொன்று. முதலாவதில் இவர்கள் 2013ஆம் ஆண்டிலேயே தேறினர். இரண்டாவதில் தேறுதற்கு மேலும் 12 ஆண்டுகள் சென்றன. அதுவும் பாடகர்க்கு நாட்கள் எண்ணப்பட்டிருந்த வேளையில்.

மாணாக்கர்க்கு ஒன்று கூறி அமைவோம். இவ்விசையை விரும்பிக் கேட்போர் முதல் இசைத்தட்டின் முதற்பாட்டையும் இறுதி இசைத்தட்டின் இறுதிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்பாராக. மழையும் மணியும் இரண்டிலும் உண்டு. முதலாவதைச் செய்தோர் அஞ்சச் செய்ய விரும்பிய இளைஞர். இரண்டாவதைச் செய்தோர் அஞ்சவேண்டியவற்றைக் கண்டறிந்த முதியோர். இடையிலுள்ள வேறுபாட்டைச் செவியால் உணர்ந்தவர்க்கு, ஒரு கலைஞன் மூப்படைதல் என்றால் என்ன என்பதை எந்த ஆசிரியரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.